மகஜரில் எழுதாத முனி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்கு வெயில் ஆகாது. அருப்புக்கோட்டை பஸ்தானே இது? போர்டைப் பார்த்துத்தான் ஏறினேன். இருந்தாலும் இப்போதெல்லாம் எதையும் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்கிறேன். பின்னால் யாராவது "விசாரித்தீரா?" என்றால் "விசாரித்தேன்" என்று சொல்லலாம் பாருங்கள். மூன்று மாதமாக இந்தப் புத்தி வந்திருக்கிறது.

நான் சர்க்கார் ஆள். சரியாகச் சொன்னால் சர்க்கார் கழகத்து ஆள். தொழிற்பேட்டை நடத்துகிற கழகம். நிலத்தை எடுத்து, ரோடு போட்டு, தண்ணீர்க் குழாய் இழுத்து, பிளாட்டாகப் பிரித்துத் தொழில் நடத்துகிறவர்களுக்குத் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்கு விடுவோம். விற்க மாட்டோம். இதை ஒரு முதலாளிக்கும் இன்றுவரை என்னால் புரியவைக்க முடியவில்லை. "என் இடம்" என்பார்கள். உங்கள் இடம் இல்லை ஐயா, தொழில் நடக்கிறவரைக்கும் உங்களிடம் இருக்கிற இடம். மிஷின் நின்றால் நோட்டீஸ் வரும். நோட்டீசுக்குப் பதில் இல்லையென்றால் குத்தகை ரத்து. அப்புறம் நாங்கள் போய்ப் பூட்டி, சீல் வைத்து, இடத்தைக் கைப்பற்றியாச்சு என்று எழுதிக்கொண்டு வருவோம். அந்தப் பூட்டுகிற வேலை என்னுடையது. குருநாதன் போய்ப் பூட்டினால் ஊசி வெளியே போகாது என்று ஆபீசில் பேச்சு. பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படி ஒரு பேச்சு.

இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. ஓய்வு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சார்ஜ் மெமோ ஒன்று தலைக்கு மேல் தொங்குகிறது. அது தீராவிட்டால் கடைசி நாள் சாயங்காலம் ஓர் ஆர்டர் வரும், "ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை" என்று. கேட்கிறவர்களுக்கு ஏதோ நம்மை விட மனசில்லாமல் வைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். அதற்கு அர்த்தம், வேலையும் கிடையாது, பென்ஷனும் கிடையாது, வீட்டில் உட்கார்ந்து விசாரணைக்கு மட்டும் போய்வா என்பது. பக்கத்து வீட்டில் மாலை, சால்வை எல்லாம் எப்போது என்று கேட்கிறார்கள். நான் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி மேலே பார்க்கிறேன்.

எதற்கு மெமோ என்று நினைக்கிறீர்கள்? கை நீட்டினேனா? என் சர்வீசில் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. ஒரு சாமிக்கு விளக்கு எரிய வழி பண்ணினேன். அதற்கு.

எங்கள் பேட்டையில் குடம் கம்பெனி என்று ஒன்று. பிளாஸ்டிக் குடம், வாளி, மக்கு. தனுஷ்கோடி என்பவர் முதலாளி. முதலில் நன்றாகத்தான் ஓட்டினார். அப்புறம் அவர் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. நாலு மிஷினில் ஒன்றை மட்டும் பேருக்கு ஓட்டுவார். ஓட்டுகிற நாளைவிட நிறுத்துகிற நாள் அதிகம். பைபாஸ் வரட்டும், இடத்துக்கு விலை ஏறட்டும், குத்தகையோடு கைமாற்றிவிடலாம் என்று கணக்கு. நோட்டீஸ் போனது. பதில் இல்லை. இரண்டாவது போனது. "உடம்பு சரியில்லை, அவகாசம் வேண்டும்" என்று பதில். உடம்பு சரியில்லாதவர் கொடைக்கானலில் இருந்தார். குத்தகை ரத்தாகி ஆர்டர் என் கைக்கு வந்தது.

நான் போன அன்றைக்குப் பார்த்து அந்த ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள்தான் அதிகம். குடத்து வாயில் பிசிறு வெட்டுகிற வேலை. நான் ஆர்டரைப் படித்தேன், சுவரில் ஒட்டினேன், எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். அவர்கள் எழுந்த வேகத்துக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் வந்துவிட்டார்கள். கேட்டை இழுத்துச் சாத்தினோம். கிராம நிர்வாக அலுவலரும், எதிரே டீக்கடை வைத்திருக்கிற சங்கிலியும் சாட்சி. உள்ளே இருக்கிற பொருளை எல்லாம் வரிசைப்படுத்தி எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குவதுதான் மகஜர். மோட்டார் இத்தனை, நாற்காலி இத்தனை, உடைந்த நாற்காலி இத்தனை என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் கம்பி வழியாகக் கூப்பிட்டாள்.

"சார், எங்க சைக்கிள் எல்லாம் உள்ள ஷெட்டுல இருக்கு."

"எழுதிட்டேன்மா. மகஜர்ல வந்தாச்சு."

"எழுத வேணாம் சார். எடுத்துக்கிறோம்."

"எழுதினதுக்கு அப்புறம் எடுக்க முடியாதும்மா."

"அப்ப அடிச்சிருங்க சார் அந்த வரிய."

சங்கிலி சிரித்துவிட்டான். எனக்கே சிரிப்பு வந்தது. மகஜரில் அடித்தல் திருத்தல் இருந்தால் கோர்ட்டில் நிற்காது என்று அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? "எல்லோரும் தனித்தனியா எழுதிக் குடுங்க. ஆபீஸ் பரிசீலிக்கும்" என்றேன். "சோத்துச் சட்டியையாவது எடுத்துக்கிறோம் சார், இன்னும் சாப்பிடலை" என்று இன்னொருத்தி. சோற்றுச் சட்டியும் பொருள்தானே சார்? ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விட வேண்டும். அப்புறம் மிஷின் அச்சு ஒன்று சோற்றுக்குள் போகும். நான் பார்க்காத தந்திரமா? முடியாது என்றேன். போய்விட்டார்கள். அழவில்லை, ஒன்றும் இல்லை. நல்ல சனங்கள்.

கையெழுத்து வாங்கப் போகிற நேரத்தில் சங்கிலி பேனாவைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: "சார், மேல்மூலைல முனி இருக்கே. அத எழுதலையே?"

போய்ப் பார்த்தேன். காம்பவுண்டுக்குள்ளேயே மேல்மூலையில் ஒரு உடைமுள் மரம். அடியில் ஒரு கல், பக்கத்தில் குத்திவைத்த அரிவாள் ஒன்று. கழகம் இந்த நிலத்தை ஊர்க்காரர்களிடம் எடுத்ததற்கு முன்னாலிருந்தே இருக்கிற முனி. நிலத்துக்குப் பணம் கொடுத்தோம், மரத்துக்குப் பணம் கொடுத்தோம், கிணற்றுக்குக் கொடுத்தோம். முனிக்கு எந்தக் கணக்கு ஹெட்டில் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே சுற்றிச் சுவர் வைத்துவிட்டார்கள். கம்பெனி கட்டும்போது கல்லை நகர்த்தப்போன ஜேசிபி டிரைவர் ஒரு மாதம் படுத்துக் கிடந்தான் என்று சங்கிலி சொன்னான். செவ்வாயும் வெள்ளியும் விளக்கு நிற்கக் கூடாதாம்.

நீங்களே சொல்லுங்கள், அதை எப்படி எழுதுவது? அரிவாள் ஒன்று என்று எழுதினால் போலீஸ் கேட்கும். கல் ஒன்று என்று எழுதினால் எந்தக் கல், எதற்குக் கல் என்று ஆடிட்டில் கேட்கும். சாமி என்று எழுதினால்? உடைந்த நாற்காலிக்குக் கீழே வரிசை எண் போட்டு சாமியை எழுதுவதா? என் கை வரவில்லை. அந்தச் சமயம் என் மகளுக்கு நிறைமாதம். அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டும் தங்கவில்லை. வீட்டில் நாங்கள் சத்தமாகத் தும்மக்கூட யோசித்த காலம். அந்த நேரத்தில் ஒரு முனியை வைத்துப் பூட்டி சீல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நான் எப்படிச் சாப்பிடுவது?

கையெழுத்தை வாங்கினேன். முனி மகஜரில் வரவில்லை. மேல்மூலைச் சுவரில் ஒற்றை ஆள் நுழைகிற ஒரு சின்ன கேட் உண்டு. அதற்கு மட்டும் சீல் வைக்காமல் ஒரு பூட்டுப் போட்டேன். அந்த முனிக்கு விளக்குப் போடுவது யார் என்று விசாரித்தால் இருளாயி என்றார்கள். வந்து நின்றாள். வரியை அடித்துவிடச் சொன்ன அதே அம்மாள்தான். பிசிறு வெட்டுகிறவள். அவள் பாட்டனார் காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்துக்கு அந்த விளக்கு. சாவியைக் கொடுத்தேன்.

"செவ்வாய், வெள்ளி சாயங்காலம் போ. விளக்க ஏத்து. வந்துரு. வேற எதையும் தொடக் கூடாது."

"சைக்கிள் ஷெட்டு வழிதான் சார் போகணும்."

"வழியாப் போம்மா. போறதுக்குத் தடையில்ல."

"எம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள் சார் அது."

"நான் உன்ன நம்பிச் சாவி குடுக்கறேன்" என்றேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

நம்பினது வீண்போகவில்லை சார், அதையும் சொல்ல வேண்டும். மழைக்காலம் முழுக்கப் போய்வந்தாள். அந்த சைக்கிளைத் தாண்டிப் போவாள், விளக்கேற்றுவாள், அந்த சைக்கிளைத் தாண்டித் திரும்பி வருவாள். சங்கிலிதான் டீக்கடையிலிருந்து பார்த்துச் சொல்வான். டயரெல்லாம் தரையோடு ஒட்டிவிட்டதாம். ஒரு நாள் சேலை முந்தானையால் சீட்டைத் துடைத்துவிட்டு வந்தாளாம். தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன், ஆனால் துடைப்பதைத் தொடுவதில் சேர்க்க முடியாது என்று விட்டுவிட்டேன். எங்கே விட்டுக்கொடுக்க வேண்டுமோ அங்கே விட்டுக்கொடுப்பேன்.

என் மகளுக்கு ஆண் குழந்தை. மூன்று கிலோவுக்கு மேல். முடி இறக்குவது முனிக்குத்தான் என்று என் வீட்டுக்காரி அன்றைக்கே மஞ்சள் துணி முடிந்துவிட்டாள்.

எல்லாம் நல்லபடியாக இருக்கும்போது தனுஷ்கோடி வந்தார். கொடைக்கானலிலிருந்து இறங்கி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், டீக்கடையில் நின்று விளக்கைப் பார்த்தாராம். அந்த மனுஷன் அந்த முனிக்கு ஒரு தேங்காய் உடைத்ததில்லை. அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டாராம். கும்பிட்ட கையோடு போனை எடுத்துப் போட்டோ எடுத்தாராம். இருளாயி கேட்டைத் திறக்கிறது ஒன்று, உள்ளே போகிறது ஒன்று, விளக்கோடு ஒன்று, பூட்டுகிறது ஒன்று.

அப்புறம் ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டார். அவருடைய வக்கீல் எழுந்து நின்று சொன்னதை நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். "இடத்தைக் கைப்பற்றியதாகக் கழகம் சொல்கிறது. மகஜரில் மேல்மூலையே இல்லை. அந்த மூலையின் சாவி எங்கள் கம்பெனித் தொழிலாளியிடம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் எங்கள் ஆள் உள்ளே போய், எங்கள் தொழிற்சாலைத் தெய்வத்துக்குப் பூஜை செய்துவிட்டு வருகிறாள். அப்படியானால் அனுபவத்தில் வைத்திருப்பது யார்?" எங்கள் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். வழக்கு முடிகிறவரை இருக்கிற நிலையே தொடர வேண்டும், யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று ஆர்டர். அதற்குள் எங்கள் மேலிடம் அந்த பிளாட்டைக் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி செய்கிற இன்னொரு கம்பெனிக்கு ஒதுக்கியாகிவிட்டது. அவர்கள் ஒரு பக்கம் குதிக்கிறார்கள். எல்லோரும் குதித்து முடித்ததும் கீழே யார் தலை இருக்கிறது என்று பார்த்தார்கள். குருநாதன் தலை.

விசாரணை அதிகாரி என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். ரிட்டயர் ஆனவர். அவருக்கு நல்லபடியாக ஓய்வு கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. "சாவி குடுத்தீங்களா, இல்லையா?" என்றார். "குடுத்தேன் சார், ஆனா அது வந்து..." என்றேன். "ஆனா எல்லாம் எழுதிக் குடுங்க" என்றார். எதிரில் ஒரு மனுஷன் நின்று வாயால் சொல்கிறான். கேட்டால் என்ன குறைந்துவிடும்? எழுதிக் கொடு, எழுதிக் கொடு என்றால் எதை எழுதுவது? நிறைமாதப் பிள்ளையை எழுதுவதா? இந்தக் காலத்தில் அதிகாரிகளுக்கு ஈரம் கிடையாது சார். நாங்கள் அப்படி இருந்ததில்லை.

ஆபீசில் ஒருவர்தான் வழி சொன்னார். இருளாயி கம்பெனி ஆளாக விளக்கேற்றவில்லை, கழகத்தின் தற்காலிக ஆளாக ஏற்றினாள் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். சாவி எங்கள் ஆளிடம் இருந்ததாகிவிடும். இடமும் தப்பும், நானும் தப்புவேன். தாளைத் தயார் பண்ணிக்கொண்டு இன்று காலையில் அவள் வீட்டுக்குப் போனேன்.

பேட்டைக்குப் பின்னால்தான் ஊர். அவள் இப்போது நூல் மில்லுக்குப் போகிறாள். மில் வேன் மெயின் ரோட்டில்தான் நிற்கும், அதுவரை நடை. ஆள் இளைத்துத்தான் இருக்கிறாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொன்னேன். பிளாஸ்டிக் சேர் எடுத்துப் போட்டாள். குடம் கம்பெனி சேர் இல்லை, பார்த்துக்கொண்டேன். தாளைக் கொடுத்தேன்.

"இதுல என்ன சார் எழுதிருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ எங்க ஆளா இருந்து விளக்கு ஏத்தினேன்னு."

"முந்தாநாள் மொதலாளி வந்தாரு. அவரு தாள்ல நான் அவரு ஆளாம்."

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"அவரு ஆளுன்னா கடைசி மாசச் சம்பளம் எங்கன்னு கேட்டேன். காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டாரு."

"பாத்தியா? அதான் சொல்றேன். நீ எங்க ஆளுதாம்மா."

"ஒங்க ஆளுன்னா அன்னைக்கு ஏன் சார் சைக்கிள எடுக்க விடல?"

"அது வேற சட்டம்மா. இது வேற."

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியும். படிக்கவில்லை. பிறகு சொன்னாள். கோபமாக எல்லாம் இல்லை, மில்லுக்கு நேரமாகிவிட்ட மாதிரிச் சொன்னாள்: "நான் முனிக்கு ஏத்துனேன். அவரு கோர்ட்டுல போய் தனக்கு ஏத்துனதாச் சொல்லிட்டாரு. நீங்க ஒங்களுக்கு ஏத்துனதா எழுதிட்டு வந்திருக்கீங்க. இனிமே நான் அந்த விளக்கத் தொட்டா ஒங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான் சார் ஏத்துன மாதிரி. முனிக்கு இல்ல."

தாளை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சாவியைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்க வைக்கிற மாதிரி வைத்தாள்.

"எடுத்துக்கம்மா, வெள்ளிக்கிழமை அதுவுமா" என்றேன்.

"நீங்க ஏத்துங்க சார்" என்றாள். மெயின் ரோட்டில் வேன் ஹாரன் கேட்டது. போய்விட்டாள். தாளையும் சாவியையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கோழி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

அங்கேயே போட்டுவிட்டு வர முடியுமா? எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. எதையும் மாற்றக் கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. சாவி அவளிடம் இருந்தது ஒரு நிலை. என் பைக்கு வந்தது இன்னொரு நிலை. அப்படியே மதுரைக்கு பஸ் ஏறி எங்கள் வக்கீலைப் பார்த்தேன். சாவியை மேஜையில் வைக்கப் போனேன். ஏதோ பாம்பை வைக்கிற மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அத இங்க வைக்காதீங்க. நான் பாக்கல. நீங்க இன்னைக்கு என்னப் பாக்க வரவே இல்ல" என்றார். "விளக்கு சார்?" என்றேன். "கழகத்து ஆள் ஒருத்தர் அந்த கேட்டுக்குள்ள கால் வச்சா கோர்ட் அவமதிப்பு. உங்க பென்ஷன அத்தோட மறந்துருங்க" என்றார்.

சங்கிலியைக் கேட்கலாம் என்றால் அவன் மகஜர் சாட்சி. ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் தனுஷ்கோடியிடம் போய்விடும். வீட்டுக்குப் போன் பண்ணினேன். குழந்தைக்கு மத்தியானத்திலிருந்து உடம்பு சுடுகிறதாம். சாதாரணச் சளிதான் என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். என் வீட்டுக்காரி போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அங்கே விளக்குப் போட்டாச்சா என்று. எரிகிறது என்று சொல்லிவிட்டேன்.

பொழுது இறங்குகிறது பாருங்கள்.

நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வருகிறேன், நீங்கள் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்கவில்லையே. அருப்புக்கோட்டைக்கா? இல்லையா? பேட்டைக்கு ரோடு பிரிகிற விலக்கா? அங்கே யார் இருக்கிறார்கள்? நூல் மில்லில் சேர வந்திருக்கிறீர்களா? நாளைக்குத்தான் சேர வேண்டுமா? அப்படியானால் இன்றைக்குச் சாயங்காலம் வேலை ஒன்றும் இல்லை.

தப்பாக நினைக்காதீர்கள் சார். நீங்கள் கழகத்து ஆள் இல்லை. கம்பெனி ஆளும் இல்லை. இந்த ஊரும் இல்லை. இதைவிட எனக்கு யார் கிடைப்பார்கள்? விலக்கில் இறங்கி நேரே நடந்தால் இடது கைப்பக்கம் நீலச் சுவர். சுவரோடு மேற்கே போனால் சின்ன கேட். சாவியும் திரியும் தீப்பெட்டியும் இந்தப் பையில் இருக்கிறது. மாட்டுத்தாவணியிலேயே நல்லெண்ணெய் வாங்கிவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. உள்ளே வேறு எதையும் தொட வேண்டாம். பூட்டிவிட்டுச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமையும் ஒரு தடவை போய்விட்டால் புண்ணியம்.

யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் சாமி கும்பிட வந்தேன் என்று சொல்லுங்கள். யார் சாவி கொடுத்தது என்று கேட்டால் பஸ்ஸில் ஒருவர் என்று சொன்னால் போதும். என் பெயர் வேண்டாம்.

எழுந்திருங்கள், விலக்கு வந்துவிட்டது. கண்டக்டர், ஒரு ஆள் இறக்கம். பையைப் பிடியுங்கள் சார். உங்கள் பெயர் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம். நாளைக்கு விசாரணையில் என்னைக் கேட்பார்கள்.